குடும்ப வன்முறை பற்றி ஒரு மாலைக் கூட்டம் நடத்தினால் போதுமா?

கயல்:
எங்கள் தன்னார்வக் குழு குடும்ப வன்முறை பற்றி நிகழ்ச்சி நடத்த முடிவெடுத்திருக்கிறது. இப்போதைக்குத் திட்டம் இதுதான்: ஒரு வக்கீல் சட்டம் பற்றிப் பேசுவார், ஒரு போலீஸ் அதிகாரி பேசுவார், உதவி எண் அச்சிட்ட துண்டுச்சீட்டு கொடுப்போம், கூட்டம் முடியும்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. அடிபடுகிற பெண் அந்தக் கூட்டத்துக்கு வருவாளா? வந்தால் துண்டுச்சீட்டை வீட்டில் எங்கே ஒளித்து வைப்பாள்? மறுநாள் காலையில் யாரைத் தேடிப் போவாள்? இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள். சட்டத்தைத் தாண்டி என்ன சொல்லித் தர வேண்டும்? முக்கியமாக, யாருக்கு?

செவிலியக்கா:
கயல், அடிபடுகிறவர்களுக்காகக் கூட்டம் என்று யோசிக்காதீர்கள். அவர்களைச் சுற்றி இருப்பவர்களுக்காக நடத்துங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஏறக்குறைய மூன்று பெண்களில் ஒருவர் வாழ்நாளில் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்திருக்கிறார். பெரும்பாலும் துணைவனிடமிருந்துதான். ஆக, நீங்கள் ஒரு கூடத்தை நிரப்பினால் அதில் அடிபடுகிறவரும் இருப்பார், அவருடைய அக்காவும் இருப்பார், அவரோடு வேலை செய்பவரும் இருப்பார். அடி வாங்கியவள் எடுத்த எடுப்பில் போலீசிடம் போவது குறைவு. அம்மா, தோழி, பக்கத்து வீட்டுக்காரர், காயத்துக்கு மருந்து போடுகிற செவிலி, இப்படி யாரோ ஒருவரிடம்தான் முதலில் வாய் திறக்கிறாள். அதையும் நேராகச் சொல்ல மாட்டாள். "அவருக்கு இப்போ கோபம் ஜாஸ்தியா வருது" என்று நூல் விட்டுப் பார்ப்பாள். "எல்லார் வீட்டிலும் உள்ளதுதான்" என்று பதில் வந்தால் அதோடு சரி. மறுபடி வாய் திறக்க வருடங்கள் ஆகலாம்.

2014இல் உலக சுகாதார நிறுவனம் மருத்துவப் பணியாளர்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டது. அதில் சொல்வது ஐந்தே விஷயம்தான். காது கொடுத்துக் கேட்பது, என்ன தேவை என்று விசாரிப்பது, சொன்னதை நம்புவதாகக் காட்டுவது, பாதுகாப்பு பற்றிப் பேசுவது, அடுத்த உதவியோடு சேர்த்துவிடுவது. கேட்க எளிதாக இருக்கும், ஆனால் பழகாமல் வராது. பயிற்சியில் இரண்டிரண்டு பேராக உட்கார வைப்போம். ஒருவர் சொல்பவர், மற்றவர் கேட்பவர். கேட்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் முதல் நிமிடத்திலேயே "ஏன் இன்னும் அங்கேயே இருக்கே?" என்று கேட்டுவிடுவார்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் சொல்பவள் காதில் அது "தப்பு உன்மேல்தான்" என்று விழுகிறது.

அதற்குப் பதிலாக மூன்று வாக்கியங்களை வாய் பழகும்வரை சொல்ல வைப்போம். "நீ சொல்றதை நான் நம்புறேன்." "இதுக்கு நீ காரணம் இல்ல." "இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போக பயமா இருக்கா?" மூன்றாவதைக் கேட்கத்தான் எல்லோரும் தயங்குவார்கள். அதைக் கேட்டால்தான் ஆபத்து எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரியும்.

இன்னொன்று. கணவர், வீட்டார், பேசத் தெரிந்த குழந்தை, யாரும் பக்கத்தில் இருக்கும்போது கேட்கவே கூடாது. குழந்தை கள்ளமில்லாமல் வீட்டில் போய்ச் சொல்லிவிடும்.

தொலைதூரன்:
நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கணவன் மனைவிக்குள் நடப்பதில் வெளியாள் தலையிட்டால் சின்ன விரிசல் பெரிதாகிவிடும். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினால் தீராத பிரச்சினை குறைவு. உங்கள் நிகழ்ச்சி சேர்த்து வைக்கக் கற்றுத் தரட்டும், பிரித்து வைக்க வேண்டாம்.

வக்கீல் மதி:
ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. சண்டைக்கும் வன்முறைக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது, அதை மட்டும் பார்க்கச் சொல்கிறேன். சண்டையில் இருவருமே பேசுகிறார்கள், இருவருக்குமே கோபம் வருகிறது, முடிந்ததும் ஒருவரைப் பார்த்து இன்னொருவர் பயப்படுவதில்லை. வன்முறை உள்ள வீட்டில் ஒருவர் எந்நேரமும் பயந்துகொண்டே இருக்கிறார். அந்தப் பயத்தோடு பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்தால் அவள் என்ன பேசுவாள்? எதைச் சொன்னால் வீட்டுக்குத் திரும்பிய பிறகு அடி விழாதோ அதைத்தான் பேசுவாள். உண்மையைச் சொல்லிவிட்டால் அதற்கான விலையை அன்று இரவே கொடுக்க வேண்டியிருக்கும்.

இதனால்தான் ஐரோப்பிய நாடுகள் 2011இல் கொண்டுவந்த இஸ்தான்புல் உடன்படிக்கை, இப்படிப்பட்ட வழக்குகளில் கட்டாய மத்தியஸ்தத்தைத் தடை செய்யச் சொல்கிறது. சமரசத்துக்கு இருவரும் சமமாக உட்கார முடிய வேண்டும். இங்கே அடிப்படையில் இல்லாததே அதுதான்.

அப்புறம், அடி மட்டும்தான் வன்முறை என்ற எண்ணம் கூட்டத்துக்கு வருகிறவர்களிடம் உறுதியாக இருக்கும். அதை உடைக்க நேரம் ஒதுக்குங்கள் கயல். ஒரு பெண் தன் சம்பளத்தைத் தொட முடியாது, தன் அம்மாவோடு போனில் தனியாகப் பேச முடியாது, எங்கே போனாலும் நேரக்கணக்குச் சொல்ல வேண்டும். ஒரு கீறல்கூட உடம்பில் இருக்காது. சமூகவியலாளர் இவான் ஸ்டார்க் 2007இல் எழுதிய நூலில் இதை ஒரு சிறைப்பிடிப்பாகவே விவரித்தார். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியில் 2015இல் வந்த சட்டம் இப்படிக் கட்டுப்படுத்தி வைப்பதையே குற்றமாக்கியது. இந்தியாவின் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டமும் உடல், பாலியல் வன்முறையோடு வாய்ச்சொல், மனரீதி, பொருளாதார வன்முறைகளையும் சேர்த்தே வரையறுக்கிறது. "உன்னை அடிக்கவில்லையே, பிறகு என்ன?" என்று கேட்கிற உறவுக்காரருக்கு இது தெரிந்தாக வேண்டும்.

நிலா_வாசகி:
நான் அடிபட்ட பக்கத்திலிருந்து வந்தவள். என் கதையை இங்கே எழுதப் போவதில்லை. வகுப்பில் யாரும் சொல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

"வெளியே வா" என்று மேடையில் சொல்வது சுலபம். ஆனால் வெளியே வருகிற நேரம்தான் மிகவும் ஆபத்தான நேரம். அவள் போகப் போகிறாள் என்று தெரிந்ததும் பிடி நழுவுகிற பயம் அவனுக்கு வந்துவிடும். அதனால் "கிளம்பு" என்று சொல்லும் நிகழ்ச்சி, எப்படிக் கிளம்புவது என்றும் சொல்லித் தர வேண்டும். இல்லாவிட்டால் தைரியத்தை மட்டும் கையில் கொடுத்து அனுப்புகிறீர்கள்.

போனிலிருந்து ஆரம்பியுங்கள். பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும். இருப்பிடம் பகிரும் வசதி எப்போதோ ஆன் செய்யப்பட்டிருக்கும். மெயில் ஒரே கணக்கில் இரண்டு போனிலும் திறந்திருக்கும். தங்குமிடத்தின் பெயரைத் தேடினால் தேடியது அவர் போனிலும் தெரியும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். தேடுவதை வேறொருவர் போனில் செய்வது நல்லது.

அடையாள அட்டைகள், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், தினமும் சாப்பிடுகிற மருந்தின் சீட்டு, இவற்றின் நகல் வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் இருக்க வேண்டும். இரண்டு தொலைபேசி எண்களாவது மனப்பாடமாக இருக்க வேண்டும். போன் பறிபோகும் நேரத்தில் அதுதான் கைகொடுக்கும். பக்கத்து வீட்டோடு ஒரு சொல் பேசி வைத்துக்கொள்ளலாம். அந்தச் சொல் காதில் விழுந்தால் அவர்கள் எதுவும் கேட்காமல் போலீசை அழைக்க வேண்டும். சண்டை முற்றும்போது சமையலறைக்கும் குளியலறைக்கும் போகாமல், வெளியே ஓட வழி இருக்கிற அறைக்கு நகர வேண்டும்.

உடனே கிளம்பாதவளுக்கும் இது எல்லாம் தேவை. இருக்க முடிவெடுத்தவளைக் கைவிடுகிற நிகழ்ச்சியாக உங்களுடையது ஆகிவிட வேண்டாம்.

செவிலியக்கா:
நிலா சொன்னதோடு சேர்த்து ஒன்று. கழுத்தை நெரித்தல் பற்றித் தனியாகப் பேசுங்கள். "ஒரு தடவை கழுத்தைப் பிடிச்சார், அப்புறம் விட்டுட்டார்" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். வெளியே தடம் தெரியாமலேகூட உள்ளே காயம் இருக்கலாம். குரல் கம்முவது, விழுங்கும்போது வலி, கண்ணில் ரத்தப் புள்ளி, சில நிமிடம் நினைவில்லாமல் போவது, இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அமெரிக்காவில் 2008இல் வெளியான ஓர் ஆய்வில், துணைவன் முன்பு கழுத்தை நெரித்திருந்தால் அவன் கையால் கொல்லப்படும் வாய்ப்பு சுமார் ஏழு மடங்கு கூடுவதாகக் கண்டார்கள்.

ஜாக்குலின் கேம்பெல் என்ற செவிலியர் 1980களில் ஆபத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார். ஆம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்விகள். வீட்டில் துப்பாக்கி உண்டா, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறாரா, பொறாமையில் நிழலாகப் பின்தொடர்கிறாரா என்று போகும். அதற்கு முன்னால் ஒரு நாள்காட்டியைக் கையில் கொடுத்து, கடந்த ஒரு வருடத்தில் அடி விழுந்த நாட்களைக் குறிக்கச் சொல்வார்கள். "எப்போவாவது தான்" என்று சொன்னவர்கள் குறித்துக்கொண்டே வரும்போது, இடைவெளி குறைந்துகொண்டே வந்திருப்பது அவர்கள் கண்ணுக்கே தெரியும். யாரும் புத்தி சொல்லத் தேவையில்லை. ஆனால் பயிற்சி இல்லாதவர்கள் மதிப்பெண் போட்டு "உனக்கு ஆபத்து இல்லை" என்று சொல்லிவிடக் கூடாது. அது ஆலோசகர் செய்ய வேண்டிய வேலை.

முகிலன்:
நான் ஆண்களோடு வேலை செய்கிறேன். ஒரு கேள்வி கேட்கிறேன்: உங்கள் கூட்டத்தில் ஆண்கள் எங்கே?

"கோபத்தைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை" என்பதுதான் ஆண்கள் சொல்கிற முதல் காரணம். அதே ஆள் மேலதிகாரி திட்டும்போது கையை ஓங்குவதில்லை. வீட்டிலும் வெளியே தெரியாத இடத்தில் பார்த்துத்தான் அடிக்கிறார். கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. யார்மேல் கை ஓங்கலாம் என்ற கணக்கு மனதில் இருக்கிறது. அமெரிக்காவின் டுலூத் நகரில் 1980களின் தொடக்கத்தில் ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். பாதிக்கப்பட்ட பெண்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டு ஒரு சக்கரப் படம் வரைந்தார்கள். அச்சில் அதிகாரமும் கட்டுப்பாடும். ஆரங்களில் மிரட்டல், தனிமைப்படுத்தல், பணத்தைப் பிடித்து வைப்பது, குழந்தைகளைக் காட்டிப் பணிய வைப்பது. சுற்றி அடியும் பாலியல் வன்முறையும். அந்தப் படத்தைப் பார்த்ததும் தன் வீட்டை அடையாளம் கண்டுகொள்கிற பெண்கள் நிறைய. ஆண்களுக்கும் அது உறைக்கும்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அடிக்கிற ஆண்களுக்கான வகுப்புகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் பலன் சிறியதுதான். 2004இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் அதையேதான் கண்டார்கள். வகுப்புக்குப் போகிறான் என்று நம்பி அவள் வீட்டுக்குத் திரும்புவதால் ஆபத்து கூடவும் செய்யலாம். அதனால் அப்படி வகுப்பு நடத்தினால், அவளோடு தனியாகத் தொடர்பில் இருக்கிற ஒருவர் கட்டாயம் வேண்டும். இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்துக் கவுன்சிலிங் செய்வது வேண்டவே வேண்டாம்.

ஊர் முழுவதையும் சேர்த்துச் செய்த வேலைக்கு நல்ல சான்று இருக்கிறது. உகாண்டாவின் கம்பாலா நகரில் 'சாசா!' என்ற திட்டம். நிபுணர்களை இறக்காமல், அந்தந்தப் பகுதியில் வாழ்கிற சாதாரண ஆண்களையும் பெண்களையும் பயிற்றுவித்தார்கள். அவர்கள் வேலை செய்யும் இடத்திலும் தெருவிலும் தினசரி பேச்சோடு பேச்சாக இதைப் பேசினார்கள். எடுத்தவுடன் வன்முறையைத் தொடவில்லை. அதிகாரம் என்றால் என்ன, உன்னிடம் அது எங்கே இருக்கிறது, அதை எப்படிப் பயன்படுத்துகிறாய் என்று ஆரம்பித்தார்கள். அதற்கு யாரும் முறைத்துக்கொண்டு எழுந்து போவதில்லை. 2014இல் வந்த முடிவுகளின்படி, திட்டம் நடந்த பகுதிகளில் முந்தைய ஓராண்டில் துணைவனின் உடல்ரீதியான வன்முறை, நடக்காத பகுதிகளைவிட 52% குறைவாக இருந்தது. இதற்கு வருடக்கணக்கான உழைப்பு பின்னால் இருக்கிறது.

இளவேனில்:
ஆண்களும் பாதிக்கப்படுகிறார்களே, முதியவர்களும்தான். அவர்களுக்கு உங்கள் கதவு திறந்திருக்குமா?

முகிலன்:
திறந்திருக்க வேண்டும் இளவேனில். வந்து சொல்கிற யாரையும் நம்பிக் கேட்கத்தான் பயிற்சி. பிள்ளைகளிடம் அடி வாங்கும் முதியவருக்கு வெட்கம் இன்னும் அதிகம், அவர் நூல்கூட விட மாட்டார். அதே நேரத்தில் சுமை எங்கே குவிந்திருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. கொலை செய்யப்படும் பெண்களில் 38% வரை துணைவன் கையால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

டீச்சர்_யாழினி:
குழந்தைகளை மறந்துவிட்டீர்கள். "தூங்கிட்டு இருந்தாங்க, தெரியாது" என்று பெற்றோர் நம்புவார்கள். தெரியும். வகுப்பில் கதவு பலமாகச் சாத்தினால் உடம்பு நடுங்கும் பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். திடீரென்று யாரோடும் பேசாமல் போவது, அம்மாவை விட்டுப் பள்ளிக்கு வர மறுப்பது, சின்னவர்களை அடிப்பது, இப்படி ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒவ்வொரு விதமாக வெளியே வரும்.

சொல்லித் தர வேண்டியது கொஞ்சம்தான். நடுவில் போய் நிற்காதே. எந்த வீட்டுக்கு ஓடலாம் என்று தெரிந்து வைத்துக்கொள். அவசர எண்ணை எப்படி அழைப்பது, உன் முகவரியை எப்படிச் சொல்வது. அம்மாவைக் காப்பாற்றுவது உன் வேலை இல்லை. இந்தக் கடைசி வரியைக் கேட்டதும் சில பிள்ளைகள் அழுதுவிடுவார்கள். அத்தனை நாள் அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தவர்கள்.

அறிவன்:
சத்தம் கேட்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்யலாம் என்பதையும் சேருங்கள். 2008இல் இந்தியாவில் பிரேக்த்ரூ அமைப்பு 'பெல் பஜாவோ' என்ற பிரசாரத்தைத் தொடங்கியது. கேட்டதெல்லாம் ஒன்றுதான்: போய் மணி அடியுங்கள். உபதேசம் வேண்டாம், சண்டை வேண்டாம். ஒரு பொருள் கேளுங்கள், ஒரு போன் பண்ணிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று உள்ளே தெரிந்தால் போதும், அந்த நிமிடம் தடைபடும். அடிப்பவர் கையில் ஆயுதம் இருப்பதாகச் சந்தேகம் இருந்தால் மணி அடிக்காமல் நேராகப் போலீஸ்.

கனடாவில் 2020இல் ஒரு கைச்சைகை வந்தது. உள்ளங்கையைக் காட்டி, கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடுவது. வீடியோ அழைப்பில் வாய் திறக்காமல் உதவி கேட்க வழி. பார்த்தவர் பதறிப்போய் அடிப்பவர் முன்னாலேயே "என்ன ஆச்சு?" என்று கேட்டுவிடக் கூடாது. ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்கிற மாதிரிக் கேட்க வேண்டும். அடிப்பவருக்கும் இந்தச் சைகை தெரிந்திருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தொலைதூரன்:
எல்லாவற்றையும் படித்தேன். பெரியவர்களுக்கு இதில் இடமே இல்லை என்பதை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். உறவில் ஒரு பெண் இருக்கிறாள். கொஞ்ச நாளாக விசேஷங்களுக்கு வருவதில்லை. வந்தாலும் கணவரைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறாள். நான் போய் அந்தப் பையனை நேரில் கேட்கலாமா?

வக்கீல் மதி:
வேண்டாம் ஐயா. நீங்கள் கேட்டுவிட்டு வந்துவிடுவீர்கள், "வெளியே போய் என்ன சொன்னே?" என்ற கேள்விக்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டும். முதலில் அவளிடம் தனியாகப் பேச வழி பாருங்கள். உங்கள் வீட்டுப் பெண்கள் யாராவது சாதாரணமாகப் பேசுகிற மாதிரிப் பேசட்டும். சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். "எந்த நேரத்திலும் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டலாம்" என்ற செய்தி அவளுக்குப் போய்ச் சேர்ந்தால் அதுவே பெரிது.

பெரியவர்களுக்கு இடம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவளுடைய சான்றிதழ் நகல்கள் உங்கள் பீரோவில் இருக்கலாம். ராத்திரி வந்தால் தங்க ஒரு அறை கொடுக்கலாம். "அவளை அனுப்பி வைங்க" என்று கணவர் சார்பில் வருகிற தூதுகளை உங்களால் மறுக்க முடியும், அவளால் முடியாது. உறவுக் கூட்டத்தில் யாராவது அவளைக் குறை பேசினால், உங்கள் வயதில் இருப்பவர் ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பேச்சு நிற்கும்.

தொலைதூரன்:
சரி. என் மனைவியிடம் சொல்லிப் பேசச் சொல்கிறேன். நன்றி அம்மா.

நிலா_வாசகி:
பணத்தைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். 1971இல் லண்டனின் சிஸ்விக் பகுதியில் எரின் பிஸ்ஸி திறந்த வீடுதான் நவீன காலத்தின் முதல் காப்பகங்களில் ஒன்று. இடம் கொள்ளாத அளவுக்குப் பெண்களும் குழந்தைகளும் வந்தார்கள். போக்கிடம் இல்லாததால்தான் அதுவரை தாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். காப்பகம் சில மாதம் தாங்கும். அதற்குப் பிறகு வாடகைக்கும் பள்ளிக்கட்டணத்துக்கும் எங்கே போவது?

தென்னாப்பிரிக்காவில் ஏழைப் பெண்களுக்குச் சிறுகடன் கொடுத்து, கடன் கூட்டத்திலேயே பாலின சமத்துவம் பற்றிய பயிற்சியும் வைத்த ஒரு திட்டம் உண்டு. 2006இல் வெளியான முடிவுகளில், அந்தப் பெண்கள் முந்தைய ஓராண்டில் துணைவனிடம் சந்தித்த வன்முறை 55% குறைந்திருந்தது. கடன் மட்டும் கொடுத்த இடங்களில் வருமானம் கூடியது, வன்முறையில் அதே மாற்றம் வரவில்லை. எனவே தையல் மெஷின் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டால் முடிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கயல்:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. குழுவில் பேசிவிட்டேன். மேடைப் பேச்சை எடுத்துவிட்டோம். முதலில் கேட்பவர்களுக்கான பயிற்சி, சின்னக் குழுவாக, தொடர்ச்சியாக நடக்கும். பக்கத்தில் இருக்கிற காப்பகத்தோடும் ஆலோசகரோடும் பேசி, யாராவது வாய் திறந்தால் அன்றைக்கே யாரை அழைப்பது என்று முடிவு செய்த பிறகுதான் அறிவிப்பே போடப் போகிறோம்.

இரண்டு சின்னச் சந்தேகம். அறிவிப்பில் தலைப்பு என்ன போடுவது? வருகைப் பதிவேடு வைக்கலாமா? நிதி கொடுப்பவர்கள் பெயர்ப் பட்டியல் கேட்கிறார்கள்.

செவிலியக்கா:
தலைப்பில் "குடும்ப நலம்" என்றோ "பெண்கள் உடல்நலம்" என்றோ இருக்கட்டும். வன்முறை என்று எழுதிய இடத்துக்கு, தேவைப்படுகிறவள் அனுமதி கேட்டு வர முடியாது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரைப் போடுங்கள், பாதிப் பேர் அதனால்தான் வருவதில்லை. உதவி எண்ணைத் துண்டுச்சீட்டாகக் கொடுக்காமல், பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். அங்கேதான் அவள் தனியாக இருப்பாள். விரல் அகலத்துக்குக் கிழித்துக்கொள்கிற மாதிரி அடியில் எண்ணை வரிசையாக அச்சடித்தால், மடித்து எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

பெயர்ப் பட்டியல் வேண்டாம், படமும் வேண்டாம். நிதி கொடுப்பவர்களுக்குத் தலைகளின் எண்ணிக்கை போதும் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கண்டிப்பாகப் பெயர்தான் வேண்டும் என்றால் அந்தப் பணத்தை வாங்காதீர்கள். மனைவி வந்தாளா என்று கேட்டு யாராவது வாசலில் வந்து நிற்பார். அப்போது வாசலில் இருப்பவர் வந்தாள் என்றும் சொல்லக் கூடாது, வரவில்லை என்றும் சொல்லக் கூடாது. யார் கேட்டாலும் "யாரைப் பற்றியும் சொல்வதில்லை" என்ற ஒரே பதிலைத்தான் சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பைப் பதற்றப்படாத ஒருவரிடம் கொடுங்கள், அவரையும் தனியாக நிற்க விடாதீர்கள்.